முதல் கம்பி எந்தப் பக்கம்?

தன் மனைவிக்கு ரயில் மேட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை என்று அவன் சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று சிரிப்பார்கள். அவன் ரயில் ஓட்டுபவன். ஓய்வறையில் டீ குடிக்கும்போது சக டிரைவர்கள் அவனை விடுவதே இல்லை.

"என்னப்பா, உங்க வீட்டம்மா மண்ணுக்கு ஸ்கேன் எடுக்கறாங்களாமே? ஆணா பொண்ணா, ஏதாவது சொன்னாங்களா?"

"இன்னும் மாசம் ஆகலையாம்" என்று அவனும் சொல்லிவைப்பான்.

கேலி செய்தவர்களை ஒருநாள் மேட்டை ஒட்டி அவள் வேலை செய்யும் தகரக் கொட்டகைக்குள் கூட்டிப்போய் உட்காரவைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கல்யாணமான புதிதில் அவள் அவனை அப்படித்தான் கூட்டிப்போனாள். ஊர்ப் பக்கத்திலிருந்து ஆற்றுப் பக்கம் வரை நூற்றிருபத்தாறு மீட்டர் நீளத்துக்கு அந்த மேடு இருக்கிறது. எந்தக் காலத்திலோ களிமண்ணைக் கொட்டி எழுப்பியது. தண்டவாளத்தை ஒட்டி, இரண்டு மீட்டருக்கு ஒன்றாக அறுபத்து நான்கு எஃகுக் கம்பிகளை அவள் மண்ணில் அடித்திருந்தாள். எல்லாவற்றையும், எண் போட்ட கவ்விகள் வழியாக, ஒரே கேபிள் இணைத்தது. கேபிளின் முனை கொட்டகையில் இருந்த பெட்டிக்குள் போனது.

"இந்த ரெண்டு கம்பி வழியா கொஞ்சம் மின்சாரம் அனுப்புவேன். வேற ரெண்டு கம்பில அது எவ்வளவு வந்து சேருதுன்னு பெட்டி பார்க்கும். ஈரமா இருந்தா சுலபமா ஓடிவரும், காய்ஞ்சிருந்தா முரண்டு பிடிக்கும். இப்படி ஜோடி மாத்தி மாத்தி ஆயிரம் தடவை."

"ஆயிரம் தடவையா? என்கிட்ட ஒரு விஷயத்தை ரெண்டாம் தடவை கேட்டாலே உனக்குக் கோவம் வருதே."

"மண்ணு ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லுதுங்க."

பிறகு திரையில் மேட்டின் குறுக்குவெட்டு மெல்ல விரிந்தது. காய்ந்த இடம் சிவப்பு, ஈரமான இடம் நீலம். நடுவில் மழைநீர் போவதற்கான கல் பாலம் ஒரு சின்ன வட்டமாகத் தெரிந்தது. ஆறு வருடமாக அந்த மேட்டின் மேல் தினமும் நாலு தடவை போய்வந்தவன் அவன். தனக்குக் கீழே இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தான்.

"மேடு ஒரே நாள்ல சரியாதுங்க" என்றாள் அவள். "உள்ள தண்ணி போகும், ஊறும், கொஞ்சம் கொஞ்சமா மனசு விட்டுப்போகும். வெளியில விரிசல் தெரியறப்போ நாம லேட்டு. அதான் தினமும் எட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

அன்றிலிருந்து கொட்டகையைக் கடக்கும்போது ஒரு சின்ன ஹாரன் அடிப்பது அவனுக்கு வழக்கம். விதிமுறைப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. யாரும் எழுதிப்போடவும் இல்லை.

அந்த ஹாரனை இப்போது இரண்டு வாரமாக அவன் அடிக்கவில்லை.

காரணம் ஒரு நீலத் திட்டு. மாதத்தின் தொடக்கத்தில் அவள் படத்தில் ஐம்பத்து நாலாவது கம்பிக்குக் கீழே, ஆற்றுப் பக்கம், ஒரு நீலப் புள்ளி முளைத்தது. மழையே இல்லாத மாதம். புள்ளி திட்டானது, திட்டு நாளுக்கு நாள் கீழே இறங்கியது. அவள் எழுதிக்கொடுத்தாள். பிரிவுப் பொறியாளர் தயங்காமல் வேகத்தை இருபது கிலோமீட்டராகக் குறைத்தார். எல்லா வண்டியும் தாமதமானது. பயணிகள் திட்டினார்கள், மேலிடம் திட்டியது. கடைசியில் வியாழக்கிழமை ஐம்பத்து நாலாவது கம்பியருகே தோண்டிப் பார்ப்பது என்று முடிவானது.

மத்தியானம் அவன் வண்டி மெல்ல ஊர்ந்து அந்த இடத்தைத் தாண்டியபோது குழி தலையளவு ஆழம் போயிருந்தது. வெட்டிப் போட்ட மண் சுட்ட செங்கல் துண்டுகளைப்போலக் காய்ந்து கிடந்தது. மேஸ்திரி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நெற்றியைத் துடைப்பதும், பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் அவன் கண்ணில் பட்டது. அவள் மட்டும் குழிக்குள் இறங்கி, ஒரு மண்கட்டியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து எஞ்சினைப் பார்க்கவில்லை.

நடந்ததை மாலையில் மேஸ்திரியே ஸ்டேஷனில் அவனிடம் சொன்னார். அந்த மனிதருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது, ஆனால் கெட்ட எண்ணம் கிடையாது.

"நான் ஒண்ணும் தப்பா சொல்லல தம்பி. 'உள்ள தண்ணி இருக்குன்னீங்க மேடம், எனக்குத்தான் இங்க குடிக்கத் தண்ணி வேணும்'னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு முகம் சுண்டிப்போச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"பொறியாளர் என்ன சொன்னார்?"

"நாளைக்குச் சாயங்காலம் பெட்டியைக் கழட்டிடலாம்னார். நாளன்னைக்கிலிருந்து வண்டிங்க பழைய வேகத்துல போகலாமாம்."

வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேல் பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் அம்மா எதிரில் உட்கார்ந்து, புதுக் கண்ணாடி வழியாக மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பார்வை திரும்பியதிலிருந்து வீட்டில் ஒரு தூசி தப்பவில்லை.

"ஏம்மா, அதுக்கு மேல நறுக்கினா காய் இருந்த இடமே தெரியாது" என்றார் அம்மா.

"சரி அத்தை."

"சரின்னுட்டு மறுபடியும் நறுக்குறே."

அவன் முகம் கழுவிவிட்டு வந்து மனைவியின் பக்கத்தில் நின்றான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். இரண்டு வாரமாக உள்ளே வைத்திருந்த ஒன்றுதான் அப்போது வாய்க்கு வந்தது.

"நீ சொன்னது முழுசா தப்புன்னு நான் நினைக்கல. மேட்டுல ஏதோ இருக்கு. எனக்கே சீட்டுல ஒரு சின்ன சாய்வு தெரியுது. பாட்டில்ல தண்ணி லேசா இடது பக்கம் சரிஞ்சு நிமிருது."

கத்தி நின்றது.

"எங்க?"

"ஊர்ப் பக்கம். நீ சொன்ன இடத்துல இல்ல. சிக்னல் கம்பம் தாண்டி நாலு எண்ணினா வரும்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரமிருக்கும்."

"ரிஜிஸ்டர்ல எழுதினீங்களா?"

அவன் இல்லை என்று தலையசைத்தான். ஓட்டத்தில் ஏதாவது அசைவு தெரிந்தால் டிரைவர்கள் எழுதிவைக்க வேண்டிய ரிஜிஸ்டர் அது.

"ஏன் எழுதல?"

"நீ ஆற்றுப் பக்கம்னு எழுதிக் குடுத்திருக்கே. நான் ஊர்ப் பக்கம்னு எழுதினா உனக்கு எதிரா நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகாதா? ஏற்கெனவே ஆளாளுக்குக் கேலி பண்றாங்க. ரொம்பச் சின்ன சாய்வுதான், போயிடும்னு நினைச்சேன். உன்கிட்ட மறைச்சுட்டு ஹாரன் அடிக்கவும் மனசு வரல."

"என் மேல இரக்கப்பட்டு எழுதாம விட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது. "நான் அந்தப் பெட்டிகிட்ட ஒரு நாளைக்கு ஆயிரம் கேள்வி கேக்கறேன். அது ஒண்ணுகூட எனக்காக மாத்திச் சொன்னதில்ல. நீங்க சொல்லியிருக்கலாமேங்க."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கமாக இந்த இடத்தில் மகனுக்குப் பரிந்து பேசுவார். இன்றைக்கு, "அவ கேக்கறது நியாயம்டா" என்று மட்டும் சொன்னார்.

அவள் காய்த்தோல் கிடந்த செய்தித்தாளை இழுத்து, ஓரத்தில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தாள்.

"இருபது கிலோமீட்டர்னா வினாடிக்கு அஞ்சரை மீட்டர். நாலு எண்ணினா இருபத்திரண்டு மீட்டர். சிக்னல் கம்பம் முதல் கம்பிகிட்ட இருக்கு. அப்ப சாய்வு வர்றது பதினொண்ணு, இல்லேன்னா பன்னெண்டு." பென்சில் கோட்டின் இன்னொரு முனைக்குப் போனது. "என் திட்டு அம்பத்து நாலு. அறுபத்து நாலுல, அந்த முனையிலிருந்து எண்ணினா..."

விரல் விட்டு எண்ணினாள். பதினொன்றில் விரல் நின்றது. அவள் முகம் வெளுத்துப்போனதை அவன் பார்த்தான்.

"என்னம்மா?" என்றான்.

"படம் திரும்பியிருக்குங்க. இடம் வலமா. போன மாசம் புல் வெட்டறதுக்காகக் கேபிளைச் சுருட்டினோம். மறுபடி விரிச்சப்போ கேபிள் ஏத்தின வண்டி ஆற்றுப் பக்கம் நின்னுது, அங்கிருந்து விரிச்சுக்கிட்டு வந்தாங்க. ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி பிளக், எதை வேணும்னாலும் பெட்டியில மாட்டலாம். எண் சீட்டெல்லாம் வெயில்ல வெளுத்துப்போயிருந்தது. முதல் கவ்வி கடைசிக் கம்பியில மாட்டியிருக்கும். பாலம் நட்ட நடுவுல இருக்கறதால படத்தைப் பார்த்தா வித்தியாசமே தெரியாது."

"அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா?"

"இருக்கு. ஒரு கவ்வியைக் கழட்டினா போதும், எந்த எண் செத்துப்போச்சுன்னு பெட்டி சொல்லிடும். கேபிள் விரிச்ச ஒவ்வொரு தடவையும் முதல் கம்பியைக் கழட்டிப் பார்ப்பேன். அரை நிமிஷ வேலை. அன்னைக்குச் செய்யல."

"ஏன்?"

"செய்யல. அவ்வளவுதான்."

அவள் போனை எடுத்துப் பொறியாளரை அழைத்தாள். அன்றைக்கு அந்தத் தடத்தில் கடைசி வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி காலை ஏழு நாற்பதுக்கு. அதை ஓட்டப்போவது அவன்தான்.

"ஆறு மணிக்கு வரேன்" என்றார் பொறியாளர். "ஆனா ஒண்ணு சொல்றேன் மேடம். பெட்டியில ஒரு எண்ணைக் காட்டி 'நம்புங்க'ன்னா இனிமே மேலிடம் நம்பாது. நானே பார்க்கற மாதிரி ஏதாவது இருந்தா வண்டியை நிறுத்தறேன்."

காலை ஆறு மணிக்கு அவர்கள் மேட்டின் மேல் நின்றபோது புல் நுனியில் இன்னும் பனி இருந்தது. வேலை உடையில் அவனும் போயிருந்தான். பொறியாளரும் மேஸ்திரியும் வருவதற்குள் அவள் முதல் கம்பியின் கவ்வியைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் ஓடினாள். பெட்டியின் திரையில் ஒரு வரி வந்தது. அறுபத்து நாலாவது கம்பியில் தொடர்பு இல்லை.

அவள் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "ரெண்டு பக்கெட் தண்ணி வேணும்ங்க. கொஞ்சம் உப்பும்" என்றாள்.

"உப்பா? இப்ப எந்தக் கடை திறந்திருக்கும்?" என்றான் அவன்.

"எதுக்குக் கடை? வீட்டுல இருக்கற உப்பை எவன் தூக்கிட்டுப் போனான்?"

அம்மாதான். வீட்டு உப்பு டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, புதுக் கண்ணாடியோடு, படிக்கட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"ராத்திரி செய்தித்தாள் ஓரத்துல 'உப்புத் தண்ணி, அஞ்சாவது கம்பி'ன்னு எழுதி வெச்சிருந்தாளே, படிச்சேன். பொடி எழுத்து. கண்ணாடி இல்லாமலே படிச்சேன்!"

அவன் பக்கெட்டில் உப்பைக் கரைத்துக் கொடுக்க, ஊர்ப் பக்கம், அதற்குள் மேஸ்திரியோடு வந்து சேர்ந்திருந்த பொறியாளரின் கண்ணெதிரே, ஐந்தாவது கம்பியின் அடியில் அவள் ஊற்றினாள். மண் சத்தமில்லாமல் குடித்தது.

"சார், நான் தண்ணி ஊத்தின இடம் இது. உப்புத் தண்ணியில மின்சாரம் இன்னும் சுலபமா ஓடும். இப்ப படம் எடுக்கறேன். படம் சரின்னா திரையில ஊர்ப் பக்கம், அதாவது இடது ஓரம், நீலம் வரணும். தப்புன்னா வலது ஓரம் வரும்."

இருபது நிமிடம் பெட்டி டக் டக் என்று ஜோடி மாற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னக் கொட்டகையில் ஐந்து பேர் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி மட்டும் அம்மாவிடம், "அம்மா, இந்த மேட்டுக்கு உப்பு சரியா இருக்கான்னு நீங்களே ருசி பார்த்துச் சொல்லிடுங்க" என்றார். "உன் வாய்க்குத்தான்யா கொஞ்சம் குறைச்சலா போடணும்" என்றார் அம்மா.

திரை விரிந்தது. இடது ஓரம் சிவப்பாகவே இருந்தது. வலது ஓரத்தில், அறுபதாவது கம்பிக்குக் கீழே, முந்தின நாள் இல்லாத ஒரு நீலப் பொட்டு.

யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரி திரையையும், வாசல் வழியாகத் தெரிந்த ஐந்தாவது கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தப்பு பெட்டியோடது இல்ல சார்" என்றாள் அவள். "கேபிள் திரும்பியிருக்கு. விரிச்ச அன்னைக்கு நான் சரிபார்க்கல. நேத்து எல்லாரையும் தப்பான இடத்துல தோண்டவெச்சது நான்தான். திட்டு நிஜம். அது பதினோராவது கம்பிக்குக் கீழ இருக்கு."

"இதை எழுத்துல குடுப்பீங்களா? உங்க வேலைக்கே..."

"எழுதியே கொண்டுவந்திருக்கேன் சார்."

மடித்த காகிதத்தை நீட்டினாள். அவன் அதை எட்டிப் பார்த்தான். ஆறே வரி. கேபிளை யார் விரித்தார்கள் என்றோ, சீட்டு வெளுத்திருந்தது என்றோ ஒரு வார்த்தை இல்லை. சரிபார்க்க வேண்டியது என் பொறுப்பு, நான் செய்யவில்லை என்று மட்டும் இருந்தது. இத்தனை நாள் அவளுடைய அறிவைத்தான் பெரிதாக நினைத்திருந்தான். அந்த ஆறு வரியைப் படித்தபோது, அறிவு அவளிடம் இருப்பதில் பாதிதான் என்று தோன்றியது.

ஸ்டேஷனிலிருந்து வாங்கிவந்த ரிஜிஸ்டரைப் பையிலிருந்து எடுத்து, அவனும் நீட்டினான். விடியற்காலையிலேயே எழுதியிருந்தான். இரண்டு வாரமாக ஊர்ப் பக்கம் சாய்வு, உடனே பதியாதது என் தவறு.

பொறியாளர் இரண்டையும் படித்தார். "குடும்பத்தோட வந்து தப்பை ஒத்துக்கறீங்க. அம்மா, நீங்க ஏதாவது எழுதிக் குடுக்கணுமா?"

"நான் உப்பு குடுத்தேன். வேற ஒரு பாவமும் அறியேன்" என்றார் அம்மா.

பொறியாளர் சிரிக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். "ஏழு நாற்பதை நிறுத்துங்க. ஆமா, முழுசா நிறுத்துங்க. நான் பொறுப்பு."

பதினோராவது கம்பிக்கு நேர் கீழே, சரிவின் பாதி உயரத்தில் மேஸ்திரியே இறங்கித் தோண்டினார். முழங்கால் ஆழம் வரை மண் காய்ந்திருந்தது. அதன் பிறகு நிறம் மாறியது. மண்வெட்டி சளக் என்று இறங்கியது. மேஸ்திரி பேச்சை நிறுத்தினார். அவர் பேச்சை நிறுத்தி அதுவரை யாரும் பார்த்ததில்லை. கடப்பாரையை ஓங்கி ஒரு குத்து குத்தினார். அது கையை விட்டு நழுவி உள்ளே போய், எங்கோ விழுந்து சத்தம் கேட்டது.

டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒரு ஆள் குனிந்து உட்காரும் அளவுக்குப் பொந்து. அதன் அடியில், மேட்டைக் கடந்து ஊருக்குள் போகும் பழைய குடிநீர்க் குழாய் ஒன்று, மூட்டு விட்டுப்போய் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. மழையில்லாத மாதத்தில் நீலம் வந்த வழி அதுதான். மண்ணைத் துளித்துளியாகக் கரைத்துக் குழாயை ஒட்டியே வெளியேற்றியிருந்தது. மேலே இரண்டாள் உயரக் களிமண், அதற்கு மேல் தண்டவாளம்.

அவன் நிமிர்ந்து அதைப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எத்தனை தடவை எண்ணியிருப்பான்! நாளைக்கு முழு வேகத்தில் போயிருந்தால் எண்ண நேரமே இருந்திருக்காது.

மேஸ்திரி சேறு அப்பிய கையோடு அவள் எதிரில் வந்து நின்றார். "மேடம், நேத்து தண்ணி கேட்டேன்ல... போதும். நிறையவே காட்டிட்டீங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. சேற்றில் மண்டியிட்டு அளவு நாடாவைப் பொந்துக்குள் விட்டு, படத்தில் கண்ட ஆழமும் கையில் வந்த ஆழமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று எழுதிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவனைத் தேடினாள்.

"ஒரு ஜாண்தாங்க வித்தியாசம்" என்றாள். கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அம்மா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வரும்போது மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏன்டா, கேபிள் விரிச்ச அன்னைக்குத்தானே எனக்குக் கண் கட்டு அவிழ்த்தாங்க? மத்தியானமே ஓடி வந்துட்டாளே, உனக்கு டூட்டின்னு?"

அவன் நினைத்துப் பார்த்தான். ஆமாம். டாக்டர் கட்டை அவிழ்த்தபோது அம்மா முதலில் பார்த்த முகம் அவளுடையதுதான். இதைச் சொல்லியே அம்மா ஒரு மாதமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த அரை நிமிடம் அங்கேதான் போயிருந்தது. நேற்று ராத்திரி அவன் கேட்டபோதும் சரி, அந்த ஆறு வரியிலும் சரி, அவள் அதைச் சொல்லவில்லை.

"அவகிட்ட கேக்காதீங்கம்மா" என்றான்.

"நான் எதுக்குக் கேக்கறேன்? எனக்குத்தான் இப்ப நல்லா கண் தெரியுதே."

குழாயை மாற்றி, பொந்தை அடைத்து, சரிவைக் கெட்டித்து முடிக்கப் பதினெட்டு நாள் ஆனது. மேலிடத்திலிருந்து அவளுக்கு ஒரு கண்டனக் கடிதமும், அதே உறையில் இன்னும் மூன்று மேடுகளில் பெட்டி வைக்கச் சொல்லி ஓர் உத்தரவும் வந்தன. இரண்டையும் அவள் கொட்டகைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். மேஸ்திரி ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட் கொண்டுவந்து, யாரும் கேட்காமலே முதல் கம்பியின் தலைக்கும் முதல் கவ்விக்கும் பூசிவிட்டுப் போனார்.

தடம் திறந்த அன்று ஏழு நாற்பது வண்டி அவனுடையது. அன்று ஒரு நாள் மட்டும் இருபது கிலோமீட்டர். சிக்னல் கம்பம் தாண்டியது. பாட்டிலைப் பார்த்துக்கொண்டே எண்ணினான். நாலு வந்தது, ஐந்து வந்தது. தண்ணீர் அசையவில்லை. கொட்டகை வாசலில் அவள் கையில் கேபிள் முனையோடு நின்றிருந்தாள். அவன் ஹாரனை அடித்தான், இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே.

மாலையில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எப்படிங்க இருந்தது?"

"ஒண்ணுமே தெரியல. வெண்ணெய் மாதிரி போச்சு."

"ரிஜிஸ்டர்ல எழுதினீங்களா?"

"சாய்வு இல்லேன்னாகூட எழுதணுமா?"

"இல்லேன்னாலும் எழுதணும்."

"எழுதிட்டேன்மா" என்றான் அவன். "ஹாரன் அடிச்சதைத்தான் எழுதல."